பதநீர் நாள்: வேனா, வாடகைக் காரா, முந்தைய இரவே போய்த் தங்குவதா?

புனேயில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், நாசிக் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போய்வந்தவன், சென்ற கோடையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். தோட்டத்தைச் சுற்றிக் காட்டி, ஒயின் ஊறும் தொட்டிகளை விளக்கி, ஐந்தாறு வகைகளை வரிசையாகச் சுவைக்கக் கொடுத்து, மதியச் சாப்பாடும் போட்டு அனுப்புகிறார்களாம். "நம்ம ஊர்ல அப்படி ஒண்ணு கிடையாதா மாமா?" என்றான். இருக்கிறது. உடன்குடி, சாத்தான்குளம், திருச்செந்தூர் ஆகிய மூன்று ஊர்களுக்கு நடுவே கிடக்கும் செம்மணல் தேரியிலும் அதன் ஓரத்துப் பனைவிளைகள் என்னும் பனந்தோப்புகளிலும், பதநீர் இறக்குவதிலிருந்து கருப்பட்டி சிரட்டையில் உறைவது வரை எல்லாவற்றையும் ஒரே காலையில் பார்க்கலாம், குடிக்கலாம், தின்னலாம். மாவட்டங்கள் 1986-இல் பிரிந்து அந்தப் பகுதி தூத்துக்குடியோடு போய்விட்டாலும், பேச்சிலும் பண்டத்திலும் அது இன்னும் நெல்லைச் சீமைதான்.

திருநெல்வேலியிலிருந்து எப்படிப் போவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டி, வழிகாட்டியோடும் மதிய உணவோடும் வேனில் போவது ஒன்று. வாடகைக் கார் பிடித்து, அந்த ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நாமே போவது இன்னொன்று. முந்தைய நாளே திருச்செந்தூர் போய்த் தங்கி, விடியலில் விளைக்குப் போவது மூன்றாவது. மூன்றிலும் போய்ப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் நேரம். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். நாசிக்கில் திராட்சை அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரைதான் நடக்கும் என்றாலும் அங்கே சுவைக்கூடம் ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது. பகல் பதினொரு மணிக்குப் போய் இறங்கினாலும் குறை ஒன்றும் இல்லை. தொட்டியிலும் பீப்பாயிலும் குப்பியிலும் கிடக்கும் ஒயின் விருந்தாளிக்காகக் காத்திருக்கும். பதநீர் காத்திருக்காது. கலயத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்புதான் அதைப் புளிக்காமல் பிடித்து வைக்கிறது, அதுவும் சில மணி நேரத்துக்கு மட்டும். பொழுது விடியும்போது பனையேறி மரத்தில் இருப்பார். ஏழு, எட்டு மணிக்குள் எல்லா மரத்துப் பதநீரும் விடிலிக்கு வந்து அடுப்பேறிவிடும். பத்து, பதினொரு மணிக்கு அது கருப்பட்டியாகிச் சிரட்டையில் ஆறிக்கொண்டிருக்கும். விடிலி என்பது காய்ச்சுவதற்காக விளையிலேயே ஓலையால் போட்டிருக்கும் குடிசை. ஆகவே எந்த ஏற்பாடு உங்களை ஆறரை மணிக்குள் மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்துமோ அதுவே நல்ல ஏற்பாடு.

இரண்டாவது, பருவம். தையின் கடைசியிலோ மாசியிலோ தொடங்கி ஆடி வரை பதநீர் உண்டு. பங்குனி, சித்திரை, வைகாசிதான் உச்சம். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வருகிறோம், அப்படியே பதநீரும் குடித்துவிட்டுப் போகிறோம் என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது சொல்கிறார்கள். புரட்டாசியில் விடிலி வெறும் குடிசை. ஒரே மரத்துப் பண்டம் என்பதற்காக எல்லாம் ஒரே மாதத்தில் கிடைத்துவிடாது: நுங்கு சித்திரையில், பழம் ஆடி ஆவணியில், கிழங்கு மார்கழி தையில்.

மூன்றாவது, உடன் வருபவர்கள். விளைக்குள் வண்டி கடைசி வரை போகாது. தேரி மணலில் கணுக்கால் புதையப் புதைய நடக்க வேண்டும், வெயில் ஏறினால் செருப்பில்லாத கால் சுடும். கழிப்பறை என்று ஒன்று விளையில் கிடையாது. முழங்கால் வலிக்காரர்களையும் கைக்குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, கொடுக்கும் பணத்தில் எவ்வளவு மரம் ஏறுகிறவர் கைக்குப் போகிறது என்பது. ஒரு பனையேறி நாளொன்றுக்கு முப்பது நாற்பது மரங்களில், காலையும் மாலையுமாக ஏறி இறங்குகிறார். பனையின் பூங்குலையான பாளையை ஒவ்வொரு முறையும் மெல்லியதாகச் சீவிவிட்டால்தான் பதநீர் சொட்டும். ஒரு நாள் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். அந்த வேலையைப் பார்க்கப் போகிறோம் என்றால் அதற்கு உரியது அவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது என் கட்சி. மற்றவர்கள் இதை அளவுகோலாகவே கொள்ளாமல் இருக்கலாம்.

## எதைச் சுவைக்கப் போகிறோம்

ஏற்பாடுகளை ஒப்பிடுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எதை இழந்தோம் என்பதே தெரியாமல் திரும்பிவிட நேரும்.

மரத்திலிருந்து இறங்கிய குடுவையில் இருப்பதை உடனே குடித்துவிடக் கூடாது. சுண்ணாம்பு அடியில் படியும்வரை சற்றே வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் வடித்து ஊற்றுவார்கள். குருத்தோலையை மடித்துப் பட்டை பிடித்து, இரண்டு கையாலும் அதை ஏந்தச் சொல்லி, அதில்தான் ஊற்றித் தருவார்கள். பச்சை ஓலையின் வாசமும் பதநீரின் இனிப்பும் கடைசியில் நாக்கின் நுனியில் நிற்கும் சுண்ணாம்பின் இலேசான உறைப்பும் சேர்ந்ததுதான் அந்தச் சுவை. எவர்சில்வர் டம்ளரில் அதன் பாதிகூட இல்லை. சுண்ணாம்பு குறைந்திருந்தால் புளிப்பு தட்டும், கூடியிருந்தால் தொண்டை காறும். இரண்டு மூன்று மரத்துப் பதநீரை அடுத்தடுத்துக் குடித்துப் பார்த்தால் வேறுபாடு குழந்தைக்கும் விளங்கும். சித்திரையில் போனால் நுங்கையும் தோண்டி அதில் போட்டுத் தருவார்கள்.

இரண்டாவது சுவை அடுப்பருகே. பதநீர் கொதித்துப் பொங்கிவரும்போது, பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தை நசுக்கி ஒரு துளி போடுவார்கள். பொங்கல் அப்படியே அடங்கி உட்காருவதைப் பார்ப்பதற்கென்றே குழந்தைகளை முன்னால் நிறுத்தலாம். பாகு பாதி வற்றிய நிலையில் எடுப்பது கூப்பனி. சூடாக ஒரு கரண்டி ஓலையில் விட்டு நக்கினால், அதற்குப் பிறகு கடையில் விற்கும் எந்தப் பாகும் பிடிக்காது. மூன்றாவது, சிரட்டையில் ஊற்றி ஆறிய கருப்பட்டியின் முதல் துண்டு. ஏறக்குறைய எட்டு லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி தேறும் என்பதை அந்த இடத்தில் நின்று கேட்டால்தான் விலையின் நியாயம் புரியும். சுக்கும் மிளகும் ஏலமும் தட்டிப்போட்ட சில்லுக்கருப்பட்டி நான்காவது; அது எல்லா விடிலியிலும் கிடைக்காது, உடன்குடிக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு குறிப்பு. பதநீர் உடம்புக்கு நல்லது, கருப்பட்டி சர்க்கரை நோயாளிக்கும் ஒன்றும் செய்யாது என்று வழியெல்லாம் சொல்வார்கள். பதநீரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது, கருப்பட்டி பெரும்பாலும் சர்க்கரையேதான். நோய் உள்ளவர்கள் ஒரு வாய் சுவைத்துவிட்டு நிறுத்திக்கொள்வதே முறை.

## வழிகாட்டியுடன் வேன்

பணம் கட்டிவிட்டால் நமக்கு வேலை இல்லை என்பதே இதன் பெரிய வசதி. வீட்டு வாசலிலிருந்து ஏற்றி, ஒருவர் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்து, ஏ.சி. ஓட்டலில் சாப்பாடு போட்டு, மணப்பாடு கடற்கரையையும் காட்டி இரவுக்குள் திருப்பி இறக்கிவிடுவார்கள். தமிழ் சரியாகப் பேச வராத பேரப்பிள்ளைகளும் வெளிநாட்டு விருந்தினரும் இருக்கும் குழுவுக்குக் கூடவே விளக்கிச் சொல்ல ஒருவர் இருப்பது உண்மையிலேயே பயன். பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் தலைக்கு விழும் செலவும் குறைவு.

குறை நேரத்தில்தான். பத்து வீட்டில் பத்துப் பேரை ஏற்ற வேண்டிய வேன், ஏழு மணிக்குப் புறப்படுவதாகச் சொல்லி எட்டு மணிக்குத்தான் பாளையங்கோட்டைப் பேருந்து நிலையத்தைத் தாண்டும். நான் ஒருமுறை அப்படித்தான் போனேன். ஏற்பாட்டாளரின் பெயர் இங்கே வேண்டாம். வழியில் காலை உணவுக்கு முக்கால் மணி நேரம், ஒரு கோயிலில் அரை மணி நேரம். விளைக்குப் போய் இறங்கும்போது மணி பத்தே முக்கால். அடுப்பு அணைந்து, சிரட்டைகள் கவிழ்த்துக் கிடந்தன. விடிலியில் இருந்த அம்மாள் எங்களைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வெள்ளன வந்திருக்கலாம்லா அண்ணாச்சி, இப்ப என்னத்தக் காட்ட?" என்று கேட்டார். அவர் முகத்தில் எங்களைவிடக் கூடுதலான வருத்தம் தெரிந்தது. வழிகாட்டி அசரவில்லை, திரும்பும் வழியில் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகையில் நிறுத்தி, ஐஸ் போட்ட ஒன்றைப் பதநீர் என்று வாங்கிக் கொடுத்தார். தண்ணீரும் சாக்கரினும் கலந்தது என்பது குடித்த கொஞ்ச நேரத்தில் நாக்கில் நின்ற கசப்பிலேயே தெரிந்தது.

மறைந்திருக்கும் செலவுகளும் இதில்தான் அதிகம். கட்டணத்தில் 'சுவைத்தல் உட்பட' என்று இருக்கும். அது ஒரு டம்ளர்தான், அடுத்ததற்குக் காசு தனி. கருப்பட்டி வாங்க அவர்கள் நிறுத்தும் கடையில் விலை கூடுதலாக இருக்கலாம். வண்டி நிற்கும் நேரத்துக்குள் வாங்கியாக வேண்டும் என்பதால் வேறு கடை பார்க்கவும் வழி இல்லை. பனையேறிக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால் நேரான பதில் வராது.

ஆனாலும் இதை அடியோடு தள்ளிவிட மாட்டேன். பணம் கட்டுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: விளையில் இறங்கும் நேரம் என்ன, அன்று காய்ச்சும் விடிலி எந்த ஊரில் இருக்கிறது, காலை உணவு விளையைப் பார்ப்பதற்கு முன்பா பின்பா. மூன்றாவதற்கு 'முன்பு' என்று பதில் வந்தால் அந்தப் பயணம் வேண்டாம். 'ஐந்து மணிக்கு முன் வேன் புறப்படும், காலை உணவு விளையைப் பார்த்த பிறகு' என்று எழுத்தில் தருபவர் கிடைத்தால், பெரிய குழுவுக்கு அதுவே சிறந்தது.

## வாடகைக் காரும் ஊர்க்காரத் துணையும்

நாலைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். திருநெல்வேலியிலிருந்து உடன்குடிப் பக்கம் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். நாலரைக்குப் புறப்பட்டால் ஆறு மணிக்கு அங்கே இருக்கலாம். யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு விடிலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கிடந்தாலும் கேட்பார் இல்லை.

இதில் எல்லாம் அந்தத் துணையைப் பொறுத்தது. காரை மட்டும் பிடித்துக்கொண்டு, போகிற வழியில் விளையைத் தேடிக்கொள்ளலாம் என்று போனால் ஏமாற்றம்தான். சாலையிலிருந்து பார்த்தால் எல்லாப் பனையும் ஒன்று போலத்தான் இருக்கும்; ஏறுவதற்கு ஆள் இல்லாமல் காவோலை தொங்கும் மரங்களே இன்று பெரும்பாலும். எந்த விளையில் இந்த ஆண்டு பாளை சீவுகிறார்கள் என்பது அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். திருநெல்வேலியில் உடன்குடி, நாசரேத், சாத்தான்குளம் பக்கத்துக்காரர் ஒருவர் இல்லாத தெரு ஏது? பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் விசாரித்தாலே ஒரு தொலைபேசி எண் கிடைத்துவிடும்.

செலவில் கவனிக்க வேண்டியவை: நாள் வாடகையில் இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வரம்பு இருக்கும், மணப்பாடு, இடையன்குடி என்று சுற்றினால் அதைத் தாண்டும், விடியலுக்கு முன் எடுக்கும் வண்டிக்கு ஓட்டுநர் படி கூடும், ஓட்டுநர் இரவு தூங்கியிருக்கிறாரா என்பது காசில் வராத கணக்கு, ஆனால் அதுவே முதன்மையானது. முந்தைய இரவு கல்யாண ஓட்டம் போய்விட்டு வந்த ஓட்டுநரை நாலரை மணிக்கு எழுப்பிக்கொண்டு போகாதீர்கள். துணைக்கு வருபவருக்கும் விடிலிக்காரருக்கும் என்ன கொடுப்பது என்பதை முன்கூட்டியே பேசிவிடுவது இருவருக்கும் மரியாதை. காசு வேண்டாம் என்று விடிலியில் சொன்னால், குடித்ததற்கு ஈடாகக் கருப்பட்டியாக வாங்கிவிடுங்கள். அதுவும் பேரம் பேசாமல்.

மதிய உணவில் இந்த வழிக்கு ஒரு கூடுதல் நன்மை உண்டு. ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவைத்தால் துணைக்கு வருபவர் யார் வீட்டிலாவது மீன் குழம்பும் சோறும் ஏற்பாடு செய்துவிடுவார். பத்து மணிக்கு விடிலி வேலை முடிந்த பின், பன்னிரண்டரை வரையுள்ள இடைவெளியில் முதலூர் போய் மஸ்கோத் அல்வா வாங்கிவரலாம். தேங்காய்ப்பாலில் கிண்டுவது, நம் இருட்டுக்கடை வகை கோதுமை அல்வாவிலிருந்து முற்றிலும் வேறான பண்டம். விடியலிலிருந்து இனிப்பையே தின்றுகொண்டிருப்பவர்கள் அதை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வருவதே நல்லது.

## முந்தைய இரவு திருச்செந்தூரில்

முழு வேலையையும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இதற்கு ஈடு இல்லை. மாலை ஐந்து மணிக்கே விளைக்குப் போனால் பனையேறி பாளை சீவி, புதிதாகச் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குவதைப் பார்க்கலாம். மறுநாள் விடியலில் அதே கலயம் நிறைந்து இறங்குவதையும் பார்க்கலாம். இரண்டையும் பார்த்தவனுக்குத்தான் அந்தத் தொழில் விளங்கும். திருச்செந்தூரிலிருந்து உடன்குடி பதினைந்து கிலோமீட்டர்தான். முந்தைய நாளே பேசி வைத்த ஆட்டோவில் ஐந்தரைக்குப் புறப்பட்டால் போதும். நெல்லையிலிருந்து திருச்செந்தூருக்கு ரயில் இருக்கிறது, 1923-இல் போட்ட பாதை. செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் என்று ஆற்றங்கரை வயலும் வாழையுமாகப் போய்க் கடைசியில் பனையும் உப்பளமுமாக மாறும் அந்தப் பயணம், என்னைக் கேட்டால், சுற்றுலாவின் ஒரு பகுதியே. அன்று காலை ரயிலில் புறப்பட்டால் நேரத்துக்கு எட்டாது என்பதால்தான் முந்தைய நாள்.

செலவு அறையில் இருக்கிறது. வைகாசி விசாகம் பதநீரின் உச்சப் பருவத்திலேயே வந்து விழுகிறது; அந்த வாரத்தில் திருச்செந்தூரில் அறை கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் வாடகை பல மடங்கு. மாதந்தோறும் வரும் சஷ்டி, விடுமுறைக்கால ஞாயிற்றுக்கிழமை ஆகியவையும் அப்படியே. வாரத்தின் நடுவே ஒரு புதன், வியாழனைப் பார்த்துப் போனால் அறையும் கிடைக்கும், சாமியையும் நிம்மதியாகப் பார்க்கலாம். வயதானவர்களுக்கு இந்த ஏற்பாடு சுலபம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை: நாலரை மணிக்கு எழுப்பி ஒன்றரை மணி நேரம் காரில் குலுக்கிக்கொண்டு போவதைவிட, பக்கத்திலேயே தூங்கி எழுந்து போவது அவர்கள் உடம்புக்கு நல்லது, விடிலியைப் பார்த்துவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் அறைக்குத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம்.

## பக்கம் பக்கமாக

| | வேன், வழிகாட்டி | கார், ஊர்க்காரத் துணை | முந்தைய இரவு தங்கல் |
|---|---|---|---|
| மரத்தடிக்குச் சேரும் நேரம் | கேட்டு உறுதி செய்யாவிட்டால் தாமதம் | ஆறு மணி | ஆறு மணிக்கு முன்பே. முந்தைய மாலையும் உண்டு |
| ஒத்துவரும் எண்ணிக்கை | பத்துக்கு மேல் | நாலைந்து | இரண்டு முதல் ஆறு |
| எதிர்பாராத செலவு | கூடுதல் டம்ளர், நிறுத்தும் கடை | கிலோமீட்டர் வரம்பு, ஓட்டுநர் படி | விசேஷ நாள் அறை வாடகை |
| மதிய உணவு | ஓட்டல் | சொல்லிவைத்த வீட்டுச் சாப்பாடு | உங்கள் விருப்பம் |
| பனையேறிக்குப் பணம் | தெரியாது | நேரடியாக | நேரடியாக |

## எந்த வழியில் போனாலும்

கருப்பட்டி வாங்கும்போது உடைத்துப் பார்த்து வாங்குங்கள். உள்ளே மங்கலான கரும்பழுப்பாக, மினுக்கம் இல்லாமல் இருந்தால் நல்லது. கற்கண்டுத் துகள் போல மின்னினால் சீனி சேர்ந்திருக்கிறது என்று பொருள். அடுத்த கடையைவிட விலை மிகவும் மலிவு என்றால் அதுவே ஓர் எச்சரிக்கை. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் சாலையோரத் தட்டியில் அப்படி எழுதிவைத்திருக்கும் ஒவ்வொரு கட்டியும் அதற்குள் வராது. வாங்கியதைப் பாலித்தீன் பையில் கட்டிக் காரின் பின்பெட்டியில் அடைத்தால் வீடு வருவதற்குள் வியர்த்துவிடும். ஓலைப்பெட்டியில் வைத்துக் காலடியில் வையுங்கள்.

திராட்சைத் தோட்டத்துக்குப் போய் வந்தவர்கள் விடிலியில் கேட்கும் அடுத்த கேள்வி கள்ளைப் பற்றியதாக இருக்கும். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. விருந்தாளி விளையாட்டாகக் கேட்டாலும் அதனால் தொல்லைக்கு ஆளாகிறவர் பனையேறிதான். அதைச் சுவைத்தே தீர வேண்டும் என்பவர்கள் செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்குப் போய்க்கொள்ளலாம், அது வேறு நாள், வேறு பயணம். அதேபோல, படம் எடுப்பதற்காக இன்னொரு முறை ஏறிக் காட்டச் சொல்லாதீர்கள். முப்பது மரம் ஏறி இறங்கிய கால் அது.

கடைசியாக, எதை முடிவு செய்தாலும், முந்தைய நாள் மாலை விடிலிக்காரரையோ துணைக்கு வருபவரையோ ஒருமுறை அழைத்துப் பேசிவிடுங்கள். கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் கலயத்தில் தண்ணீர் இறங்கி, அன்றைய பதநீர் குடிக்கவும் ஆகாது, காய்ச்சினால் பதமும் சரியாக வராது. "நாளைக்கு வேண்டாம், ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்று அவர் சொன்னால், ரெண்டு நாள் கழித்தே போங்கள்.